மதினியின் பத்து நாள் ஆட்டம்

மதினிக்குப் பேர் உண்டு. ரேஷன் கார்டில் அச்சடித்திருக்கிறது. ஆனால் வளவில் யாரும் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அவள் வீட்டுக்காரரே "இந்தா" என்றுதான் கூப்பிடுவார். ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் அவர்களும் இந்தப் பக்கம் நாங்களுமாகப் பதினோரு வருஷம் குடியிருந்துவிட்டு, இப்போது பேரைச் சொன்னால் வேறு யாரோ பெண்ணைப் பற்றிப் பேசுகிற மாதிரி இருக்கும். மதினி என்றே இருக்கட்டும்.

கோவில்பட்டியில் ரயில் பாதைக்குப் பக்கத்தில், பொதுவாசலும் பொதுக்குழாயுமாக ஐந்து வீடுகள் உள்ள வளவு அது. நாங்கள் இரண்டு பேரும் வேலை பார்த்தது ஒரே கடலைமிட்டாய்க் கம்பெனியில். நான் லேபிள் ஒட்டுகிற மேஜை, அவள் பாக்கெட் போடுகிற மேஜை. அவளுக்கு ஐம்பதை ஒட்டி வயசு. எனக்கு முப்பத்தி இரண்டு. அவள் வீட்டுக்காரரை நான் அண்ணன் என்பேன். அவருக்கு நூல் மில்லில் ஷிப்ட் வேலை. ஒரே மகள், பஜாரில் ஒரு ஜவுளிக் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தாள்.

ஒரு சமயம் ஏதோ ஒரு வடநாட்டு ரயிலுக்கு எங்கள் ஊரில் மூன்று மாதத்துக்கு மட்டும் நிறுத்தம் கொடுத்திருந்தார்கள். வளவுக்குப் பின்னால் நாள் முழுக்க ரயில் ஓடிக்கொண்டுதான் இருக்கும். மதினி ஒன்றையும் தலை தூக்கிப் பார்த்ததில்லை. ஆனால் இந்த ரயில் அடுத்த வாரத்திலிருந்து நிற்காது என்று கேள்விப்பட்டதும் என்னைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனாள். ஏறினோம். திருநெல்வேலியில் இறங்கினோம். அங்கே எங்களுக்கு ஒரு வேலையும் கிடையாது. பிளாட்பாரத்தில் டீ குடித்துவிட்டு பஸ் பிடித்துத் திரும்பி வந்தோம்.

"எதுக்கு மதினி போனோம்?" என்று பஸ்ஸில் கேட்டேன்.

"பாவம்ட்டி. நம்ம ஊருல நின்னுட்டுப் போவோம்னு வந்துருக்கு. ஒருத்தரும் ஏறலைன்னா அது என்ன நெனைக்கும்?"

இதுதான் மதினி. முடியப் போகிற எதுவும் அவளுக்கு வீட்டுக்கு வந்த விருந்தாளி. நிரந்தரமாக இருக்கிற எதையும் அவள் கண்டுகொள்ள மாட்டாள். அவள் வீட்டு அடுக்களைக் குழாய் நான் குடிவந்த நாளிலிருந்து சொட்டிக்கொண்டே இருந்தது. சொன்னால், "அது எங்க போவப் போவுது?" என்பாள். பொருட்காட்சி வந்தால் பத்து நாளும் போவாள். ராட்டினத்தில் ஏறமாட்டாள், தலை சுற்றும். சும்மா போய் ஒவ்வொரு கடையின் முன்னாலும் நின்று விசாரித்துவிட்டு வருவாள். கடைசி நாள் கூடாரத்தைப் பிரிக்கும்போது அந்த ஆட்களுக்குத் தூக்குவாளியில் மோர் கொண்டுபோய்க் கொடுப்பாள்.

அண்ணனுக்குக் குடலிறக்க ஆபரேஷன் நடந்தது. மூன்று நாள் ஆஸ்பத்திரி. அந்த மூன்று நாளும் மதினி அவரைக் கவனித்த கவனிப்பைப் பார்த்து பக்கத்துக் கட்டில்காரர்கள் பொறாமைப்பட்டார்கள். வேளைக்கு ஒரு கஞ்சி, வெந்நீர், கால் பிடித்துவிடுவது, வெற்றிலை மடித்துக் கொடுக்க முடியவில்லையே என்று வருத்தம் வேறு. நான்காம் நாள் வீட்டுக்குக் கூட்டி வந்தாள். கட்டிலில் படுக்க வைத்தாள். "சோறு பானையில இருக்கு. போட்டுத் தின்னுங்க" என்று சொல்லிவிட்டு வேலைக்கு வந்துவிட்டாள். அண்ணன் ஒரு வாரம் கழித்து என் வீட்டுக்காரரிடம் சொன்னாராம்: "அந்தப் பக்கமும் ஒரு குடலிறக்கம் வந்தா நல்லாத்தான் இருக்கும் மாப்ள."

சீட்டு விளையாட்டு வந்தது இதற்கு அடுத்த வருஷம்.

மகள் புதுப் போன் வாங்கிக்கொண்டு பழையதை அம்மாவுக்குக் கொடுத்திருந்தாள். அதில் ஒருநாள் ஏதோ விளம்பரம் வந்து, அடியில் ஒரு கடிகாரம் பின்னோக்கி ஓடியிருக்கிறது. மதினி போனைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு ஓடி வந்தாள்.

"ஏட்டி, இதுல என்னமோ முடியப் போவுது. என்னன்னு பாரு."

அது போனில் ஆடுகிற ஒரு சீட்டு விளையாட்டு. ராஜா ராணிச் சீட்டு அல்ல. ஒவ்வொரு சீட்டிலும் ஒரு பொம்மை இருக்கும். பறக்கும் பாம்பு, பனி ராணி, எலும்புக்கூடு, தவளை என்று. உலகத்தில் எங்கேயோ இருக்கிற ஒரு ஆள் எதிரே உட்கார்ந்து ஆடுவான். ஆளுக்கு ஐந்து சீட்டு கையில், ஒன்றைப் போட்டால் புதுசாக ஒன்று வரும். மாற்றி மாற்றிப் போட்டு எதிராளியின் உயிரைக் குறைக்க வேண்டும். காசு பணம் எதுவும் கிடையாது. அதை நான் நன்றாகத் துருவிப் பார்த்துவிட்டுத்தான் மதினிக்கு இறக்கிக் கொடுத்தேன். அன்றைக்கு முடியப் போனது ஏதோ ஒரு இலவசச் சீட்டு. அதை வாங்கிக்கொண்டாள்.

ஆட்டத்தில் மதினி மகா மோசம். நல்ல சீட்டு கைக்கு வந்ததும் போட்டுவிடுவாள். எல்லோரும் பெரிய சீட்டைக் கடைசிக்கென்று பதுக்கி வைத்திருப்பார்கள். இவள் முதலிலேயே பறக்கும் பாம்பை இறக்கிவிட்டு, கடைசியில் தவளையும் நத்தையுமாக உட்கார்ந்திருப்பாள். வரிசையாகத் தோற்றாள். இரண்டு நாளில் போனைக் கவிழ்த்துப் போட்டுவிட்டாள். "இது எப்பவும் இருக்கும். ஆடிக்கிடலாம்."

மூன்று வாரம் கழித்து ஒரு காலையில் அந்த விளையாட்டே அவளைக் கூப்பிட்டது. புதுசாக ஒரு தனி ஆட்டம் திறந்திருக்கிறது, பத்து நாளைக்கு மட்டும். அதன் பிறகு கிடையாது. நான் விதியைப் படித்துச் சொன்னேன். எல்லாம் பழைய மாதிரிதான், ஒரே ஒரு வித்தியாசம். மூன்று சுற்றுக்கு ஒருமுறை மணி அடிக்கும். மணி அடித்தால் இரண்டு பேர் கையில் இருக்கிற சீட்டும் அப்படியே இடம் மாறிவிடும். உன் கை அவனுக்கு, அவன் கை உனக்கு.

மதினி கொஞ்ச நேரம் யோசித்தாள். "அப்ப வச்சிருந்தா அடுத்தவனுக்குப் போயிரும்."

"ஆமா."

"வைக்காம போட்டுட்டா?"

"அவனுக்கு உங்க தவளையும் நத்தையும்தான் போகும்."

மதினியின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. ஐம்பது வருஷமாக அவள் செய்துகொண்டிருந்த தப்பு, அந்த ஆட்டத்தில் சரி.

முதல் நாள் பன்னிரண்டு ஆட்டம் ஆடி பத்து ஜெயித்தாள். மறுநாள் கம்பெனியில் முதலாளி அண்ணாச்சி முன்னால் போய் நின்றாள். "எனக்குப் பத்து நாள் லீவு வேணும்."

"என்ன விசேஷம்?"

"பத்து நாள் விசேஷம் அண்ணாச்சி. நேத்துத் தொடங்கிட்டு."

"கோயில் கொடையா?"

மதினி பொய் சொல்ல மாட்டாள். "அந்த மாதிரிதான்" என்றாள். முதலாளி பயபக்தியோடு லீவு கொடுத்ததுமல்லாமல், சாமிக்கு வையுங்கள் என்று ஒரு கிலோ கடலைமிட்டாயும் கொடுத்துவிட்டார். அதை என்ன செய்வதென்று தெரியாமல், மதினி போனுக்குப் பக்கத்தில் ஒரு தட்டில் வைத்தாள்.

பிறகு அது உண்மையிலேயே கொடைத் திருவிழாவாக மாறிவிட்டது. காலையில் குளித்துவிட்டுத்தான் ஆட்டம். வீட்டில் கறி மீன் கிடையாது. கையில் ஒரு மஞ்சள் கயிறு. சாத்தூரில் அவள் சொந்தத்தில் ஒரு சடங்கு வந்தது. போகவில்லை. காப்புக் கட்டினவர்கள் ஊர் எல்லையைத் தாண்டக்கூடாதே என்றாள். இன்னொரு காரணமும் இருந்தது. சாத்தூர் பஸ்ஸில் பாதி வழியில் சிக்னல் போய்விடும்.

சீட்டுகளுக்கு எல்லாம் அவளே பேர் வைத்திருந்தாள். பறக்கும் பாம்பு அவளுக்குப் பெரிய ஓணான். பனி ராணி ஐஸ்காரி. காயத்தை ஆற்றுகிற வெள்ளை உடுப்புக்காரி நர்ஸம்மா. சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டுக்கொண்டே இருக்கும்: "நர்ஸம்மா, நீ இரு. ஐஸ்காரி, நீ போ தாயி. ஓணானே, வந்தது வந்துட்ட, நிக்காத, இறங்கு." ஒவ்வொரு ஆட்டமும் முடிந்ததும் எதிராளிக்கு வணக்கம் சொல்லுகிற பொம்மையைத் தொடுவாள். தோற்றுப் போனவன் கோபத்தில் பதிலே சொல்லாமல் ஓடியிருப்பான். "சாப்டாம போறான் பாரு" என்பாள்.

அண்ணன் பத்து நாளும் ஓட்டலில் சாப்பிட்டார். முடிகிற விஷயத்தோடு போட்டி போட முடியாது என்று அவருக்கு அனுபவத்தில் தெரியும்.

ஏழாம் நாள் மதினி உலகத்தில் ஐநூறு பேருக்குள் வந்துவிட்டாள். முதல் நூறு பேருக்குள் முடிக்கிறவர்களுக்கு ஒரு பரிசு என்று போட்டிருந்தது. சீட்டின் பின்பக்கத்துக்கு ஒரு மயில் படம். இனி எந்தக் காலத்திலும் வேறு யாருக்கும் கொடுக்க மாட்டார்களாம். அதைப் படித்துச் சொல்லியிருக்க வேண்டாம் என்று பிறகு நினைத்தேன்.

ஒன்பதாம் நாள் மகள் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். கண் கலங்கியிருந்தது.

"அத்தே, நாளைக்கு என்னையப் பொண்ணு பாக்க வாராவ."

எனக்குத் தெரிந்த விஷயம்தான். புதியம்புத்தூரில் ரெடிமேட் துணி தைக்கிற யூனிட் வைத்திருக்கிற குடும்பம். பையன் அங்கேயே கட்டிங் மாஸ்டர். போட்டோ பார்த்து, இரண்டு தடவை போனில் பேசி, பிள்ளைக்கு அவனை ரொம்பவும் பிடித்துப்போயிருந்தது. 

"நல்ல விஷயம்தானட்டி. அழுகை எதுக்கு?"

"நாலு மணிக்கு வாராவ. அம்மைக்கு ஆட்டம் அஞ்சரைக்கு முடியுதாம். வேற நாள் வரச் சொல்லுன்னுட்டா." மூக்கை உறிஞ்சினாள். "அத்தே, நான் அவளுக்கு எப்பவும் இருக்கிறவ. குழாய் மாதிரி."

அதைக் கேட்டு என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. நேரே மதினியிடம் போனேன். மதினி நிமிரவில்லை.

"மதினி, நாளைக்கு வாரவிய எத்தனை நாள் தங்குவாவ?"

"தங்கவா? வந்து காப்பி குடிச்சிட்டு ஆறு மணி பஸ்ஸுக்குப் போயிருவாவ."

"ரெண்டு மணி நேரம். இந்த ஆட்டமாவது பத்து நாள் இருந்துச்சு."

மதினியின் விரல் அப்படியே நின்றது. அவள் இதை இந்தக் கணக்கில் பார்த்திருக்கவில்லை. "ரெண்டு மணி நேரம்தானா" என்றாள், குற்றம் செய்துவிட்டவள் மாதிரி. "வரட்டும்ட்டி. நல்லாக் கவனிப்போம். நாலு மணிக்குள்ள நூறுக்குள்ள வந்துருவேன்."

வரவில்லை. மறுநாள் நாலு மணிக்கு நூற்றுப் பதினெட்டில் நின்றாள்.

பையனும் அவன் அப்பா அம்மாவும் வந்திறங்கினார்கள். அப்பா வெள்ளைச் சட்டை போட்ட ஒல்லியான மனுஷர். எதையும் வீணாக்காதவர் என்று பார்த்தவுடன் தெரிந்தது. நாங்கள் பூச்சரத்தைச் சுற்றியிருந்த நூலைப் பிரித்துக் கீழே போட்டதும், அதை எடுத்துச் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டார். மதினி வாசல் வரை போய்க் கையெடுத்துக் கும்பிட்டு வரவேற்றாள். பணியாரம், கேசரி, சேவு எல்லாம் தட்டில் மலை மாதிரி. "சாப்பிடுங்க அண்ணாச்சி, சாப்பிடுங்கம்மா" என்று நாலு தடவை உபசரித்துவிட்டு அடுக்களைக்குள் போவாள். மாவு டப்பாவின் மேல் சாய்த்து வைத்த போனில் ஒரு ஆட்டம். மறுபடி வெளியே வந்து உபசாரம். நான் காப்பி போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன். நூற்றுப் பத்து. நூற்று ஆறு. நூற்று ஒன்று.

ஐந்து மணி பத்து நிமிஷத்துக்கு அடுக்களையிலிருந்து பெரிய ஓணான் கத்தியது. அது இறங்கும்போது ஒரு கத்துக் கத்தும். சத்தத்தைக் குறைக்க மதினி மறந்துவிட்டாள்.

"என்னது அது?" என்றார் பையனின் அப்பா.

"டி.வி." என்றார் அண்ணன். டி.வி. அவருக்கு எதிரே இருட்டாக இருந்தது.

பையனின் அப்பா எழுந்து கை கழுவுகிற சாக்கில் அடுக்களைக்குள் எட்டிப் பார்த்தார். மதினியின் கையில் போனையும் போனில் சீட்டையும் பார்த்தார். அவர் முகம் சுருங்கியதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

"சீட்டா ஆடுதீய?"

அவருடைய தம்பி போனில் ரம்மி ஆடி, தோட்டத்தை இழந்து, சொல்லாமல் ஊரைவிட்டுப் போனவன். இது தரகர் சொல்லி எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவர் மனைவியைப் பார்த்து "எந்திரி" என்றார். அந்த அம்மாள் வாயில் பணியாரத்தோடு எழுந்தாள். உள் வாசலில் பட்டுச்சேலை கட்டி நின்றிருந்த மகள் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

மதினி போனோடு கூடத்துக்கு வந்தாள். மன்னிப்புக் கேட்பாள் என்று நினைத்தேன். அவள் போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"நல்லாப் பாருங்க அண்ணாச்சி. இதுல காசு கிடையாது."

அவர் தயங்கினார். பிறகு மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டி, துணியில் பிசிறு பார்க்கிறவர் மாதிரி போனை மேலும் கீழும் பார்த்தார்.

"ஜெயிச்சா என்ன குடுப்பான்?"

"சீட்டுக்குப் பின்னால மயில் படம் போட்டுத் தருவான்."

"பின்னாலயா? பின்பக்கம் எதிராளிக்குத்தான தெரியும்?"

"ஆமா. அவியதான் பாப்பாவ."

"அப்ப உங்களுக்கு என்ன லாபம்?"

"ஒண்ணுமில்ல."

அவருக்கு இது பிடிபடவே இல்லை. "பின்ன என்னத்துக்கு இந்த நேரத்துல போயி..."

"அஞ்சரைக்கு முடிஞ்சிரும் அண்ணாச்சி. அதுக்குப் பொறவு உலகத்துல ஒருத்தரும் இத ஆட முடியாது."

அவர் போனில் ஓடுகிற கடிகாரத்தைப் பார்த்தார். பதினாறு நிமிஷம் சொச்சம் இருந்தது. பண்டிகைக்கு முன்னால் லாரி கிளம்பும் நேரத்தில் சரக்கைத் தைத்து முடிக்கிற தொழில்காரர் அவர். ஓடுகிற கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எழுந்து போக அவரால் முடியவில்லை. மெதுவாக உட்கார்ந்தார். அவர் மனைவியும் உட்கார்ந்து பணியாரத்தை விழுங்கினாள்.

"எத்தனாவது எடம்?"

"நூத்தி ஒண்ணு. இன்னும் ஒண்ணு ஜெயிச்சா போதும்."

"ஆடுங்க. பாப்போம்."

கூடத்தின் நடுவில் பாய் விரித்து, சுற்றி எல்லோரும் உட்கார்ந்தோம். சிக்னல் இழுத்தது. அவர் தன் போனிலிருந்து இணைப்புக் கொடுத்தார். ஆட்டம் தொடங்கியது. எதிராளி பேர் எந்த பாஷை என்றே தெரியவில்லை. முதல் மணி அடித்துக் கை மாறியபோது அவனுக்கு இரண்டு தவளை போய், மதினிக்கு ஐஸ்காரி வந்தாள். பையனின் அப்பா தொடையைத் தட்டினார். "ஏ, இது நல்லாருக்கே!"

அடுத்த இரண்டு சுற்றில் இரண்டு பக்கமும் உயிர் குறைந்து சமமாக நின்றது. அப்போது மதினியின் கைக்குப் பெரிய ஓணான் வந்தது. போட்டால் முடிந்தது ஆட்டம். அவள் விரல் அதன் மேல் போனது.

"இருங்க, இருங்க!" என்றார் அவர். கண்ணாடி மூக்கின் நுனிக்கு வந்திருந்தது. "அத இப்பவே போடாதீய. நல்ல சரக்க முதல்லயே இறக்கிட்டா பொறவு என்னத்தக் காட்டுவீய? வச்சிருந்து கடைசியில போடுங்க."

அடுத்தது மணி என்று எனக்குத் தெரியும். மதினிக்கும் தெரியும். பத்து நாளில் ஒரு சீட்டைக்கூட அவள் வைத்திருந்ததில்லை. நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அவர் ஆவலோடு தலையாட்டினார். மதினி ஓணானை விட்டுவிட்டு ஒரு நத்தையை எடுத்துப் போட்டாள்.

மணி அடித்தது. கை மாறியது.

"ஏ, ஏ! அது நம்ம ஓணாம்லா! அவன் கையில எப்பிடிப் போச்சு?" என்று அவர் அலறினார்.

ஓணான் எங்கள் மேல் இறங்கிக் கத்தியது. ஆட்டம் முடிந்தது. மதினி வணக்கப் பொம்மையைத் தொட்டாள். இன்னொரு ஆட்டம் தொடங்க நேரமில்லை. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கடிகாரம் பூஜ்யத்துக்கு வந்து, அந்த ஆட்டத்தின் படம் திரையிலிருந்து காணாமல் போயிற்று. நூற்று மூன்றாவது இடம்.

அந்த மனுஷரின் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. "என்னாலயா போச்சு?" என்றார்.

"அதெல்லாம் இல்ல அண்ணாச்சி. நீங்க சொன்னது நல்ல யோசனைதான். வேற ஆட்டத்துக்கு."

"பத்து நாளு ஆடிருக்கீய."

"ஆமா. நல்லா இருந்துச்சு."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். மறுபடி கழற்றினார். கடைசியில் அண்ணனைப் பார்த்து, "கல்யாணத்துக்குத் தேதி பாத்துருவோம்" என்றார்.

அவர் மனைவி மெதுவாக அவர் சட்டையை இழுத்தாள். "என்னங்க, நாம இன்னும் பொண்ணப் பாக்கல."

எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். பிள்ளை இன்னும் கதவைப் பிடித்துக்கொண்டுதான் நின்றிருந்தாள். பையன் மட்டும் வந்ததிலிருந்து அந்தப் பக்கத்தைத் தவிர வேறெங்கும் பார்க்கவில்லை.

அவர்கள் போனபிறகு பாத்திரம் விளக்கிக்கொண்டே கேட்டேன். "மணி அடிக்கும்னு தெரியும்லா மதினி?"

"தெரியும்."

"பின்ன ஏன் அவிய பேச்சக் கேட்டீய?"

"அவிய ஆறு மணி பஸ்ஸுக்குப் போயிருவாவலாட்டி" என்றாள், இது ஒரு கேள்வியா என்பது போல.

கல்யாணத்துக்கு நாற்பது நாள் இருந்தது. தேதி குறித்த மறுநாள் காலையில் மதினி மகளைப் பார்த்த பார்வை எனக்கு நினைவிருக்கிறது. யாரோ ஊருக்குப் புதுசாக வந்த பிள்ளையைப் பார்க்கிற மாதிரி. அன்றிலிருந்து தலைக்கு எண்ணெய் தேய்ப்பது என்ன, ஊட்டிவிடுவது என்ன, ஜவுளிக் கடை வாசலில் போய் சாயங்காலம் வரை காத்திருந்து கூட்டி வருவது என்ன. பிள்ளைக்கு மூச்சு முட்டியது. கல்யாணத்தன்று அலங்காரம் பண்ணும்போது என்னிடம் சொன்னாள்: "எங்கம்மை என்னைய நாப்பது நாள்தான் வளத்தா அத்தே. ஆனா நல்லா வளத்தா." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நான்தான் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பிரசவத்துக்கு வந்தபோது மகள் அம்மாவை எப்படிக் கையாளுவது என்று படித்துவிட்டிருந்தாள். மூன்று மாதம் தங்க வேண்டியவள், தினமும் காலையில் எழுந்ததும், "அம்மா, நான் நாளைக்குக் கிளம்புதேன்" என்பாள். மதினி பதறிக்கொண்டு உளுந்தங்களி கிண்டுவாள். தொண்ணூறு நாளும் இப்படியே நடந்தது. மதினிக்கு உண்மையிலேயே தெரியாதா என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம்தான். ஒருநாளும் அவள் "நேத்தும் இதத்தான சொன்ன" என்று கேட்கவில்லை.

இதற்கு நடுவில் சம்பந்தியும் அந்த விளையாட்டைப் போனில் இறக்கி, வெட்டு மேஜையில் வைத்தே ஆட ஆரம்பித்திருந்தார். ஒருநாள் மத்தியானம் கம்பெனியில் மதினிக்குப் போன் வந்தது. பக்கத்தில் இருந்த எனக்கே அவர் குரல் கேட்டது.

"சம்பந்தியம்மா! கை மாறுத ஆட்டம் வந்துட்டு! எல்லாரும் கேட்டதுனால திரும்பக் குடுத்துட்டான்! இனி முடியவே முடியாதாம், எப்பவும் இருக்குமாம்!"

"அப்படியா அண்ணாச்சி? ரொம்ப நல்லது."

"ஆடுங்க, ஆடுங்க! இந்தத் தடவ நான் ஒரு வார்த்த சொல்ல மாட்டேன்!"

"ஆடுதேன்" என்றாள். போனை மேஜையில் கவிழ்த்து வைத்துவிட்டுப் பாக்கெட் போட ஆரம்பித்தாள். அதற்குப் பிறகு அவள் அதைத் திறந்து நான் பார்க்கவில்லை.

என் வீட்டுக்காரருக்குத் தூத்துக்குடிக்கு மாற்றல் வந்தபோது, இன்னும் எட்டு நாளில் போகிறோம் என்று நான்தான் போய் மதினியிடம் சொன்னேன். பதினோரு வருஷத்தில் அவள் என் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து பேசியது விரல்விட்டு எண்ணுகிற அளவுதான். அன்றைக்கு வந்து உட்கார்ந்தவள் எட்டு நாளும் எழுந்திருக்கவில்லை. எனக்கு எந்த ஊர், அப்பா என்ன வேலை பார்த்தார், முழங்கையில் அந்தத் தழும்பு எப்படி வந்தது, ஏன் பிள்ளை இல்லை, அதற்கு நான் தனியாக அழுவேனா என்று எல்லாவற்றையும் கேட்டாள். யாரிடமும் சொல்லாததையெல்லாம் சொன்னேன். என் அம்மாகூட அப்படி என் பேச்சைக் கேட்டதில்லை. இவள் சுவருக்கு அந்தப் பக்கம்தானே இருந்தாள் இத்தனை வருஷமும் என்று ஒரு கோபமும் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை லாரியில் சாமான் ஏற்றினோம். மதினி தெருமுனை வரை வந்து, என்னைக் கட்டிக்கொண்டு, வளவே கூடி விலக்குகிற அளவுக்கு அழுதாள். நானும் அழுதேன். கிளம்பினோம். பைபாஸ் ஏறும் முன்னால் லாரி நின்றுவிட்டது. என்னென்னவோ பார்த்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. பாயையும் இரண்டு பாத்திரத்தையும் மட்டும் ஆட்டோவில் போட்டுக்கொண்டு பொழுது சாய வளவுக்கே திரும்பி வந்தோம். மதினி வீட்டுக் கதவு அதற்குள் சாத்தியிருந்தது.

திங்கட்கிழமை காலையில் நான் குழாயடியில் குடத்தோடு நிற்கிறேன். மதினி தூக்குச்சட்டியோடு வேலைக்குக் கிளம்பி வந்தாள். என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

"நீ போயிட்டயேட்டி."

"லாரி ரிப்பேர் மதினி."

"நேத்தே அழுது முடிச்சிட்டேனே" என்றாள், என்ன செய்வதென்று தெரியாதவளாக. "எப்பப் போவ?"

"தெரியல. மெக்கானிக் பாத்துட்டுச் சொல்லுதேன்னுருக்கான்."

"ம்" என்று தலையை ஆட்டிவிட்டு, செருப்பைச் சரியாக மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள். செவ்வாய்க்கிழமை என்னைத் தாண்டிப் போகையில் குழாயில் தண்ணி வருதா என்று மட்டும் கேட்டாள்.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு லாரி வந்துவிட்டது. சொல்லாமல் போக மனசு கேட்கவில்லை. நடந்து கம்பெனிக்குப் போனேன். பாகு வாசனைக்கு நடுவில் மதினி தன் மேஜையில் உட்கார்ந்து பாக்கெட் மடித்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய் நின்று, "லாரி வந்துட்டு மதினி" என்றேன்.

அவள் என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள்.

"ஓடுதா?"

"ஓடுது."

"இன்னைக்கு எப்படியும் போயிருவியா?"

"போயிருவேன்."

"சத்தியமா?"

"சத்தியமா மதினி."

கையில் இருந்த பாக்கெட்டை மடித்து முடித்து ஓரமாக வைத்தாள். விரலில் ஒட்டியிருந்த வெல்லத்தைச் சேலை முந்தானையில் துடைத்தாள். "அப்ப சரி" என்று எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டு, மறுபடியும் முதலிலிருந்து அழ ஆரம்பித்தாள்.